அணையாத வெறகு

புளியம்பொட்டல்ல பஸ்ஸை விட்டு எறங்கி யாரைக் கேட்டாலும் அந்த வெறகுக் கடையைக் காட்டிருவாங்க. கடைக்குக் கதவு கிடையாது. ஆனா பூட்டு உண்டு, நல்ல கனமான பூட்டு. பொழுது அடஞ்சதும் கடைக்காரங்க நாலு பேரும் வந்து, வெறும் நிலைச்சட்டத்துல அந்தப் பூட்டைத் தொங்கவிட்டு, ஆளுக்கு ஒருக்க இழுத்துப் பாத்துட்டு வீட்டுக்குப் போவாங்க. இதுவரைக்கும் எந்தத் திருடனும் அந்தப் பூட்டை உடைச்சதில்ல. அதுல அவங்களுக்கு ரொம்பப் பெருமை.

நாலு பேர்ல மூத்தவரு பொன்னுலிங்கம். யோசிக்கிற வேலை அவரோடது. யோசிக்கும்போது கண்ணை மூடிக்கிடுவாரு, சில நேரம் குறட்டையும் வரும். அடுத்தவன் பட்டுராசு, கோவக்காரன். மூணாவது இசக்கி. என்ன சொன்னாலும் செய்வான், சொன்னதை மட்டும்தான் செய்வான். கடைசி ஆளு மாடக்கண்ணு. இந்தக் கதை அவனோடது, ஏன்னா கல்யாணம் அவனுக்குத்தான்.

பொண்ணு பேரு முத்துப்பேச்சி, பக்கத்து ஊரு கொம்பையா மக. பொண்ணு பாக்க நாலு பேருமே போயிருந்தாங்க. கொம்பையா உள்ள பாத்து, "ஏட்டி, எல்லாருக்கும் காப்பி குடு"ன்னாரு. முத்துப்பேச்சி தட்டோட வந்து நாலு பேருக்கும் குடுத்தா. அப்புறம் சுவத்துல மாலையோட தொங்குன தாத்தா போட்டோ முன்னால ஸ்டூலைப் போட்டு அவருக்கும் ஒரு டம்ளர் வச்சா. "சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க தாத்தா"ன்னா. காலண்டர்ல இருந்த முருகனுக்கு ஒண்ணு. மூலையில இருந்த தையல் மிஷின் பக்கம் போயி கொஞ்ச நேரம் யோசிச்சா. அதுக்கு அரை டம்ளர்தான் வச்சா.

மாடக்கண்ணு அங்கனயே விழுந்துட்டான். "எவ்வளவு விவரமான புள்ள அண்ணாச்சி! மிஷினு அரை டம்ளருக்கு மேல குடிக்காதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கு பாருங்க"ன்னு பொன்னுலிங்கம் காதுல சொன்னான். இந்தப் பொண்ணு இல்லேன்னா எனக்கு வேற பொண்ணே வேண்டாம்னு அன்னைக்கே மனசுக்குள்ள எழுதிட்டான்.

கொம்பையா தொண்டையைச் செருமினாரு. "மாப்ள, பந்தல் என்னோடது. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் என்னோடது. சமையலுக்குத் தவசுப்பிள்ளை கோலப்பன்கிட்ட சொல்லியாச்சு. வெறகு மட்டும் உங்க பொறுப்பு. வெறகுக் கடைக்காரனுக்குப் பொண்ணைக் குடுத்துட்டு நான் காசு குடுத்து வெறகு வாங்குனா ஊரு சிரிக்கும். ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கல்யாணத்தன்னைக்குக் காலையில அடுப்பு எரியணும். அடுப்பு எரியலேன்னா தாலி கிடையாது."

"எரியும் மாமா"ன்னான் மாடக்கண்ணு. கடை நிறைய உடைமரக் கட்டை கெடந்துச்சு. அவன் பயப்படுறதுக்கு ஒண்ணுமே இல்ல.

அந்த வாரந்தான் பட்டுராசு புது போன் வாங்கினான்.

போன்ல ஒரு விளையாட்டு இருந்துச்சு. வீரவனம்னு பேரு. ஊரு உலகத்துல இருக்குற ஆளுங்க எல்லாம் ஒரே நேரத்துல உள்ள வந்து விளையாடலாம். ஒரு காடு, காட்டுக்குள்ள ஒரு வீரன், வீரன் கையில ஒரு கோடாலி. வீரன் வளந்து, கோட்டைக்குப் போயி, பறக்குற நாகத்தை ஜெயிச்சு ராஜா ஆவணும். அதுக்கு முன்னால என்ன செய்யணும்னு திரையில எழுத்து வந்துச்சு. 'மரத்தை வெட்டு.'

இசக்கி உடனே கோடாலியைத் தூக்கிட்டு வந்தான். பட்டுராசு போனை இழுத்துக்கிட்டதால போன் பொழைச்சுது. தரையில கெடந்த தார்ப்பாய் பொழைக்கல.

"கோடாலியால இல்லலே. கீழ படி"ன்னாரு பொன்னுலிங்கம். கீழ, 'வெட்டுவதற்கு மரத்தை விரலால் தொடவும்'னு போட்டிருந்துச்சு. இசக்கி வெளிய போயி வாசல்ல நின்ன வேப்பமரத்தை விரலால தொட்டான். மத்தியானம் வரைக்கும் தொட்டான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டப்ப, "மரம் நல்ல வைரம் பாஞ்ச மரம் அண்ணாச்சி, லேசுல விழாது"ன்னான். அதுக்குள்ள பட்டுராசு போன்ல இருந்த மரத்தை விரலால தொட்டு வெட்டிச் சாய்ச்சிருந்தான்.

அதுக்கப்புறம் வந்த எழுத்து, 'நண்பர்களை அழைக்கவும்.' பொன்னுலிங்கம் தெருவுல நின்னு, "ஏ மாடக்கண்ணூ! ஏ பட்டுராசூ!"ன்னு கத்தினாரு. ரெண்டு பேரும் அவரு பக்கத்துலதான் நின்னாங்க. இருந்தாலும் மரியாதைக்கு, தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போயி அங்கேருந்து திரும்பி வந்தாங்க.

சாயங்காலம், 'உன் வீரன் களைத்துவிட்டான், ஓய்வு கொடு'ன்னு வந்துச்சு. பாயை விரிச்சு, தலகாணி வச்சு, போனைப் படுக்கப் போட்டு, துண்டைப் போத்தி விட்டாங்க. அந்த நேரம் பாத்து ஓட்டல்காரரு வெறகுக்கு வந்தாரு. இசக்கி வாயில விரலை வச்சு, "சத்தம் போடாதீய. ஆளு இப்பதான் கண் அசந்தாரு"ன்னான். ஓட்டல்காரரும் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு அடிமேல் அடி வச்சுப் போயிட்டாரு. யாரோ உடம்பு சரியில்லாதவங்கன்னு நெனச்சிருப்பாரு பாவம்.

வீரன் எந்திரிச்சதும் திரும்ப வெட்டினாங்க. வெட்ட வெட்ட, உள்ள வெறகு சேந்துக்கிட்டே போச்சு. அதைப் பாத்து பொன்னுலிங்கம் கண்ணை மூடிட்டாரு. கொஞ்ச நேரம் குறட்டை வந்துச்சு. அப்புறம் கண்ணைத் தொறந்தாரு.

"ஏலே மாடக்கண்ணு. டீக்கடையில நேத்து எப்படி காசு குடுத்த?"

"போன்ல அண்ணாச்சி."

"அந்தக் காசை நீ கண்ணால பாத்தியா?"

"இல்ல."

"டீ வந்துச்சா?"

"வந்துச்சு."

"உன் கல்யாணப் பத்திரிகை உங்க அத்தைக்கு எப்படி போச்சு?"

"அதுவும் போன்லதான்."

"காசு போன்ல வருது. பத்திரிகை போன்ல போவுது. வெறகு மட்டும் வராதா? வெயில்ல நின்னு கோடாலி ஓங்குறது இனி எதுக்கு? இந்தக் கல்யாணத்துக்கு உள்ள வெட்டுற வெறகுதான்."

மாடக்கண்ணுக்கு ஒரே ஒரு சந்தேகம். "வெட்டுன வெறகு வெளிய வரும்போது எங்கன அடுக்குறது அண்ணாச்சி? கடைதான் நிறைஞ்சு கெடக்கே?"

நாலு பேரும் கவலையோட கடையைப் பாத்தாங்க. நியாயமான கேள்வி. மறுநாளே தெருவுல நின்னு, வேணுங்கிறவங்க வெறகை அள்ளிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. சனம் சும்மா விடுமா? சாயங்காலத்துக்குள்ள கடை கூட்டிப் பெருக்கின மாதிரி ஆயிட்டு. எவனோ பூட்டையும் தூக்கிட்டுப் போயிட்டான். ஆனா உடைக்கல.

அப்புறம் வெட்டுனாங்க பாருங்க வெட்டு. ஒருத்தன் கட்டைவிரல் வீங்கினா அடுத்தவன் உக்காந்தான். வீங்கின விரலுக்கு நல்லெண்ணெய் தடவினாங்க. இசக்கி போனுக்கும் தடவினான். தூரத்துல நாகம் பறக்குறது சின்னதாத் தெரியும். அது கிட்ட போவணும்னா மரத்தை வெட்டணும். வெட்டிட்டுப் பாத்தா நாகம் அங்கனயேதான் இருக்கும், முன்னால புது மரம் நிக்கும்.

முதல் கட்டம் முடிஞ்சதும் மேளச் சத்தத்தோட பரிசு வந்துச்சு. ஒரு தொப்பி. ரெண்டாவது கட்டத்துக்குக் குதிரைச் சேணம். குதிரை எங்கன்னு தேடினா, குதிரைக்கு இன்னும் வெட்டணுமாம். மூணாவது கட்டத்துக்குப் பெரிய கோடாலி வந்துச்சு. அது வந்ததும் காட்டுல இருந்த மரமெல்லாம் பெருசாயிட்டு.

பட்டுராசுக்குக் கோவம் வந்துட்டு. "அண்ணாச்சி, இது என்ன கணக்கு? பழைய கோடாலியில சின்ன மரம் சீக்கிரம் விழுந்துச்சு. புதுக் கோடாலியில பெரிய மரம் மெதுவாத்தான் விழுது. அப்போ நாம பழைய கோடாலியிலயே நின்னிருந்தா என்ன?"

"முன்னேத்தம்னா அதுதாம்லே"ன்னாரு பொன்னுலிங்கம். "முன்னேற முன்னேற மெதுவாயிரும். என்னையப் பாரு."

மூணு பேரும் அவரைப் பாத்தாங்க. சரின்னு பட்டுச்சு. வெட்டினாங்க.

கல்யாணத்துக்கு முந்தின நாளு ஒரு பெட்டி வந்துச்சு. தங்கப் பூண் போட்ட பெட்டி, இடுக்கு வழியா வெளிச்சம் அடிக்குது. 'பெரும்பரிசுப் பெட்டி. திறக்க ஆயிரம் கட்டை கொடு.' அவங்க வெட்டிச் சேத்தது மொத்தமே அவ்வளவுதான். உள்ள நாகத்தைக் கொல்லுற வாளு இருக்கும்னான் பட்டுராசு. குதிரை இருக்கும்னான் இசக்கி. மாடக்கண்ணு மட்டும் தயங்கினான், அடுப்பு வெறகாச்சே. அதுக்குள்ள இசக்கி விரலை வச்சு அமுக்கிட்டான். 'கொடு'ன்னு போட்டிருந்துச்சு, குடுத்துட்டான்.

சங்கு ஊதுச்சு. பூ மழை பெஞ்சுது. பெட்டி தொறந்துச்சு.

உள்ள ஒரு கட்டை இருந்துச்சு. ஒரே ஒரு கட்டை வெறகு.

இசக்கி தேம்பி அழுதான். பட்டுராசு போனைக் கிணத்துல வீசிருவேன்னு கெளம்பிட்டான். மாடக்கண்ணு அப்படியே குத்தவச்சு உக்காந்துட்டான். அவன் கண்ணுக்குள்ள முத்துப்பேச்சி காப்பித் தட்டோட வந்தா, அவனைத் தாண்டிப் போயி தையல் மிஷினுக்குக் குடுத்தா.

"நில்லுங்கலே!"ன்னாரு பொன்னுலிங்கம். "ஆயிரம் கட்டை வாங்கிட்டு ஒரு கட்டை தாரான்னா, அது எப்பேர்ப்பட்ட கட்டையா இருக்கும்? அடியில என்ன போட்டிருக்கு, படி."

பட்டுராசு போனைத் திரும்பக் கொண்டுவந்து நீட்ட, மாடக்கண்ணு கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் படிச்சான். 'என்றும் அணையாத விறகு.'

நாலு பேரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. ஒரு கல்யாணம் என்ன, மாடக்கண்ணு பேரன் பேத்தி கல்யாணத்துக்கும் அந்த ஒரு கட்டை போதும்.

கல்யாணத்தன்னைக்குக் காலையில கொம்பையா வீட்டு வாசல்ல பந்தல் போட்டு, பின்னால மண்ணை வெட்டிக் கோட்டையடுப்பு தயாரா இருந்துச்சு. மேல அண்டா. அண்டாவுல தண்ணியும் அரிசியும். தவசுப்பிள்ளை கோலப்பன் கரண்டியோட நிக்காரு.

"வெறகு எங்கவே?"

மாடக்கண்ணு பட்டு வேட்டி மடியிலருந்து போனை எடுத்து, பதனமா அடுப்புக்குள்ள வச்சான்.

கோலப்பன் குனிஞ்சு பாத்தாரு. நிமிந்தாரு. திரும்பவும் குனிஞ்சாரு. "நான் வெறகு கேட்டேன்."

"உள்ள இருக்கு. அணையாத வெறகு."

"சரி, எரியலியே?"

இது அவங்க யாரும் எதிர்பாக்காத கேள்வி. பொன்னுலிங்கம் கண்ணை மூடினாரு. கோலப்பன் அவரு தோளைப் பிடிச்சு உலுக்கினாரு. "அணையாதுன்னு போட்டிருக்கு"ன்னாரு பொன்னுலிங்கம் மெதுவா. "பத்தும்னு போடலயே. பத்த வைக்கிறது நம்ம வேலைதான்."

இசக்கி ஊதாங்குழலை எடுத்துப் போன் மேல ஊதினான். பட்டுராசு விசிறினான். மாடக்கண்ணு, கட்டை உருண்டுராம இருக்கணும்னு விளையாட்டை ஓடவிட்டுட்டு, போன் முதுகை விரலால அமுக்கிக்கிட்டே இருந்தான். வெயிலும் ஏற ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல மாடக்கண்ணு விரலை உதறினான்.

"அண்ணாச்சி! சுடுது!"

நாலு பேரும் தொட்டுப் பாத்தாங்க. நெசந்தான், போன் நல்லா சூடா இருந்துச்சு. "பிடிச்சுட்டு! பிடிச்சுட்டு! ஊதுலே!"ன்னு கத்தினாங்க. கோலப்பன் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்துட்டாரு.

சத்தம் கேட்டு கொம்பையா வந்தாரு. அடுப்பைப் பாத்தாரு. மீசை துடிச்சுது.

"மாப்ள, நான் என்ன சொன்னேன்?"

"அடுப்பு எரியலேன்னா தாலி கிடையாதுன்னு சொன்னீங்க மாமா."

"எரியுதாவே இது?"

கொம்பையா பந்தலைப் பாத்து, "மேளத்தை நிப்பாட்டுங்கடே!"ன்னாரு. மேளம் நின்னுச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு மாடக்கண்ணு கழுத்து மாலையைக் கழட்டப் போனான்.

அப்போ கல்யாணச் சேலையோட முத்துப்பேச்சி வந்தா. யாரையும் பாக்கல. நேரா அடுப்புகிட்ட போயி, சேலையைச் செருகிக்கிட்டு எட்டிப் பாத்தா. அவ முகம் மாறிட்டு.

"யாரு இதை வச்சது?"

"நான்தான்"ன்னான் மாடக்கண்ணு.

"ஏங்க, திரையைக் கீழ பாத்து கவுத்து வச்சிருக்கீயளே. தீ மேல பாத்துல்ல எரியணும்? இப்படி வச்சா பூமிதான் வேகும்."

கையை விட்டுப் போனைத் திருப்பி வச்சா. திரை வெளிச்சம் அண்டா அடியில பளிச்சுன்னு விழுந்துச்சு. உள்ள அந்த ஒத்தக் கட்டை ஜொலிச்சுது. "பாருங்கப்பா, எப்படி எரியுதுன்னு. கண்ணு கூசல?"

கொம்பையா குனிஞ்சு பாத்தாரு. கண்ணு கூசத்தான் செஞ்சுது. போனைத் தொட்டுப் பாத்தாரு. விரல் சுட்டுச்சு. என்ன இருந்தாலும் முத்துப்பேச்சிக்கு அப்பா இல்லியா.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாப்ள. வீணா சத்தம் போட வச்சுட்டீங்களே"ன்னு வருத்தப்பட்டாரு. "மேளம்!"

மாடக்கண்ணு தாலி கட்டினான். சந்தோஷத்துல மூணு முடிச்சையும் தன் சுண்டுவிரலோட சேத்துப் போட்டுட்டான். அதை அவுக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு.

பந்தியில எலை போட்டாச்சு. சனம் உக்காந்தாச்சு. கோலப்பன் அண்டா மூடியைத் தொறந்து காட்டினாரு. பச்சைத் தண்ணியில அரிசி அப்படியே கெடக்கு.

பொன்னுலிங்கம் கண்ணை மூடிப் பாத்தாரு, குறட்டை மட்டும்தான் வந்துச்சு. முத்துப்பேச்சிதான் சிரிச்சா. "இது என்னண்ணே, வெறகு உள்ள எரியும்போது சோறு வெளிய எப்படி வேகும்? அதுவும் உள்ளதானே வெந்திருக்கும்? அங்கன போயி பாருங்க."

நாலு பேரும் அவளை வாயைப் பொளந்து பாத்தாங்க. பொன்னுலிங்கம் தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு. இனி யோசிக்கிற வேலை யாரோடதுன்னு அவருக்குப் புரிஞ்சு போச்சு.

மாடக்கண்ணு போனை எடுத்து உள்ள தேடினான். நெசமாவே காட்டோரம் ஒரு குடிசை, குடிசைக்குள்ள ஒரு பானை. பானையைத் தொட்டான். எழுத்து வந்துச்சு.

'பானையைத் திறக்க ஆயிரம் கட்டை கொடு.'

முத்துப்பேச்சி மாலையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, மணவடையில புருஷன் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தா. "எங்கன தொடணும்?"ன்னு கேட்டா. மாடக்கண்ணு காட்டிக் குடுத்தான். இசக்கி நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்துல வச்சான்.

கொம்பையா பந்திக்குப் போயி, எல்லாரையும் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு.

"யாரும் எலையை மடக்கிராதீய. உள்ள சோறு வெந்துட்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் மரம் வெட்டிக்கிட்டு இருக்காவ."