நடக்க முடியாதவர் வருகிறார்

மிருகக்காட்சி சாலைக்குப் புது உணவகம், புதுக் கழிப்பறை, நடக்க முடியாதவர்களுக்கு மின்வண்டி, நடப்பதற்கு நிழற்பாதை எல்லாம் வந்தன. நடக்கத்தான் முடியவில்லை. "அமைச்சர் நமக்கு வேண்டியவர்" என்கிற கார்களெல்லாம் அந்தப் பாதையில்தான் ஊர்ந்தன. ஹாரன் சத்தத்தில் மான்கள் மிரண்டு வேலியில் முட்டிக்கொண்டன.

இயக்குநர் தணிகாசலம் வாயிற்காவலர் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"நாளையிலிருந்து ஒரு காரும் உள்ளே வரக்கூடாது. ஆனா எந்தப் பெரிய மனுஷரையும் தடுத்துடாதே. புகார் வந்துது, உனக்கு வேலை இல்லே."

"தடுக்கவும் வேணும், தடுக்கவும் கூடாது. அப்படித்தானே ஐயா?"

"அதேதான்!"

செங்கமலத்துக்கும் வேலியில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் முதல் கார் வந்தது. ஒரு ஜவுளிக்கடை முதலாளி. செங்கமலம் கதவை அகலத் திறந்துவிட்டு, காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிக்க வைத்திருந்த மைக்கை எடுத்தாள்.

"எல்லாரும் ஓரமா நில்லுங்க! பாவம், நடக்க முடியாதவர் ஒருத்தர் வர்றார்!"

கூட்டம் இரக்கத்தோடு ஒதுங்கியது. ஒரு கிழவர் தன் கைத்தடியைக் கார் ஜன்னலுக்குள் நீட்டி, "வச்சுக்கோ தம்பி" என்றார். முதலாளி குதித்து இறங்கி விறுவிறுவென்று நடந்தார். பின்னால் வந்தவர்கள் மைக்கைப் பார்த்ததுமே இறங்கிவிட்டார்கள். திறந்து கிடக்கிற கதவைப் பற்றி யார் புகார் சொல்வது?

பிற்பகலில் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. செங்கமலம் மைக்கோடு போனாள். உள்ளே தணிகாசலம்.

"நான் இயக்குநர், தெரியலையா?"

"தெரியுதுங்க ஐயா." மைக் அவள் வாயருகே போனது. "அதான் பேரோட சொல்லலாம்னு பார்க்கிறேன்."

கார்க் கதவு திறந்தது. அவர் அலுவலகம் வரைக்கும் நடந்தார். மான்கள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.