முக்கால் இன்ச்

நாமக்கல் பைபாஸை ஒட்டி ஓர் அலைன்மென்ட் பட்டறை. ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தால், டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தால் வண்டிகள் அங்கே வரும். பட்டறையின் மேஸ்திரி பூங்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. அவரிடம் தொழில் பழகும் சீடர் ஆறுச்சாமிக்கு ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடம் லாரி ஓட்டி, இடுப்பு ஒத்துழைக்காமல் போன பிறகு ஸ்பேனரைக் கையில் எடுத்தவர். கைவேலை சுத்தம். கோபத்துக்கும் குறைச்சல் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பழைய பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. புதுக் கறுப்பு பெயின்ட். வயிறு தரையில் உரசுகிற அளவுக்குத் தாழ்த்தியிருந்தார்கள். பாரம் சுமக்கிறதற்கென்றே செய்த வண்டியை அழகு பார்க்க அறுத்துப் போடுகிற காலம் இது, யாரிடம் போய்ச் சொல்ல.

ஓட்டி வந்த கிருபாகரன் வண்டியை விற்கப் போகிறான். கூட வந்த சடையன் வாங்கப் போகிறார். அவருக்குக் கொல்லிமலையில் அன்னாசித் தோட்டம்.

"வண்டி எப்படி இருக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க," என்றார் சடையன். "பாரத்தோட எழுபது வளைவு இறங்கணும். பக்கத்துல ஊட்டுக்காரி உக்காந்து வருவா."

ஆறுச்சாமி சாக்கை விரித்துப் படுத்து அடியில் பார்த்தார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

"முன்னால ஸ்பிரிங்கை அறுத்திருக்கான் மேஸ்திரி. பின்னால வில்லுப் பட்டையில பாதியைக் காணோம். பாரம் ஏத்துனா எது தாங்கும்?"

"ஸ்டைலுக்குப் பண்ணுனதுங்க," என்றான் கிருபாகரன். "மூணு வருசமா ஓட்டறேன், ஒரு தொந்தரவும் இல்லை. நாலு பேரு நின்னு பாக்கற வண்டி."

"ஓட்டறவனை நாலு பேரு தூக்கிட்டுப் போற வண்டின்னு சொல்லு."

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் பூங்கொடி. "முதல்ல குண்டு போடுங்கண்ணா."

தூக்குக் குண்டு போடுவது அந்தப் பட்டறையின் வழக்கம். வண்டியின் முதுகெலும்பான சேஸில் நான்கு இடங்களிலிருந்து நூலில் குண்டைத் தொங்கவிட வேண்டும். அது காட்டும் இடத்தில் தரையில் சுண்ணாம்பால் குறி போட வேண்டும். ஆறுச்சாமிக்கு இது பிடிக்காது.

"மெஷின்ல ஏத்துனா அஞ்சு நிமிசத்துல சொல்லிரும். இன்னும் எதுக்கு மேஸ்திரி கொத்தனார் வேலை?"

இரண்டு வருடமாகக் கேட்கிற கேள்வி. பூங்கொடி இன்றைக்கும் நூலையும் குண்டையும் எடுத்து நீட்டினார்.

குறி போட்டு முடித்து, வண்டியைத் தள்ளி அப்பால் நிறுத்தினார்கள். வெறும் தரையில் நான்கு குறிகள். ஆறுச்சாமி டேப்பை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடித்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். முக்கால் இன்ச் வித்தியாசம் வந்தது.

மறுபடியும் அளந்தார். அதே முக்கால் இன்ச்.

ஆறுச்சாமி டேப்பைக் கீழே போட்டார்.

"சேஸே கோணிக் கெடக்குது. தாழ்த்துன வண்டியைப் பள்ளத்துல விட்டு அடி வாங்கியிருக்கான். மேல பளபளன்னு கறுப்பு அடிச்சு மறைச்சு, மலையில பொழைக்கற மனுசன் தலையில கட்டப் பாக்கறான். பொண்டாட்டியோட வளைவுல இறங்கறப்ப இது எந்தப் பக்கம் இழுக்கும்னு யாருக்குத் தெரியும்? நீயெல்லாம் மனுசனாடா?"

கிருபாகரன் பயப்படவில்லை. அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. வண்டிக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்து வந்தான்.

"யாருங்க மறைச்சது? ஆறு மாசம் முன்னால இதே பட்டறையில அலைன்மென்ட் பண்ணுனேன். அப்ப வண்டி வெள்ளை. நாலு சக்கரமும் சரின்னு மெஷின் பச்சை காட்டுச்சுன்னு நீங்க குடுத்த பேப்பர் இது. கீழ கையெழுத்து யாருதுன்னு பாருங்க."

ஆறுச்சாமியின் கையெழுத்து. பூங்கொடி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாள் அது; குண்டு போடவில்லை.

"ஸ்டீயரிங் மட்டும் கோணலா நிக்குதேன்னு கேட்டேன். கழட்டி நேரா மாட்டிக் குடுத்தது நீங்கதான். இனி ராசாவாட்டம் போன்னு சொன்னீங்க. இன்னைக்கு நான் மனுசனான்னு கேக்கறீங்க."

சேஸ் கோணிய வண்டியில் சக்கரத்தை மட்டும் நேராக்கினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். வண்டி தன் குறையைச் சொல்கிற ஒரே இடம் அதுதான். அதையும் கழற்றி நேராக மாட்டிவிட்டால் ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தொழில் தெரிந்த கைதான் இதைச் செய்ய முடியும்.

ஆறுச்சாமி மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் உயர்ந்தது.

"மெஷின் கேட்ட அளவை வெச்சேன். பச்சை வந்துச்சு. வந்ததை எழுதிக் குடுத்தேன். ஒரு நம்பராவது பொய்யா எழுதுனனா மேஸ்திரி?"

"இல்லைங்கண்ணா. எல்லா நம்பரும் நெசம்."

"சேஸை வளைச்சவன் அவன். பட்டையை உருவுனவன் அவன். இந்த வயசுல, கண்டவங்க முன்னால நான் எதுக்குத் தலை குனியணும்? தப்பு எம்மேலயா?"

சடையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"உங்க சண்டை எனக்கு எதுக்குங்க. பேப்பர் சரின்னு சொல்லுது, தரை சரியில்லைன்னு சொல்லுது. நான் எதை நம்பறது? இந்த வண்டியில ஏறலாமா, ஏறக் கூடாதா?"

பூங்கொடி அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை படித்தார். நான்காக மடித்து ஆறுச்சாமியின் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கிருபாகரனிடமிருந்து சாவியை வாங்கி ஆறுச்சாமியிடம் நீட்டினார்.

"அண்ணிக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்கண்ணா. பின்னால ஒரு டன் ஏத்திக்குங்க. அண்ணியைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, மலையிலிருந்து ஒரு தடவை இறங்கி வாங்க. பேப்பர் பையிலயே இருக்கட்டும். வந்ததுக்கு அப்புறம் தப்பு யாரு மேலன்னு பேசிக்கலாம்."

சடையன் ஆறுச்சாமியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆறுச்சாமி சாவியை வாங்கவில்லை.