ராஜா தேடிய பெரிய அதிரசம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு அதிரசம் தின்னும்போது அம்மா ஞாபகம் வந்துவிட்டது. ராஜாவுக்கு ஞாபகம் வந்தால் நாடு தாங்குமா?

"என் தாயார் சுட்ட அதிரசம் அத்தனையும் ஒரே அளவு! இதென்ன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது?"

"சிறிதானதில் மாவைத் திருடியிருக்கிறாள், மன்னா!" என்றார் மந்திரி மருதப்பர்.

சமையற்காரி சடைச்சி ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தாள். இருபது வருஷமாக அந்த அடுப்புதான் அவளுக்குக் கதி. விகடகவி குப்பாண்டி அவளுக்காகப் பரிந்து பேசினார். அவர் பேரில் மருதப்பருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். விடுவாரா?

"அப்படியானால் நாளைக்கு எல்லாம் ஒரே அளவாக இவரே கொண்டுவரட்டும். இல்லையேல் இருவரும் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் குப்பாண்டி தட்டில் ஒரே ஒரு அதிரசத்தோடு வந்தார்.

"எல்லாம் ஒரே அளவு, மன்னா."

"எல்லாமா? ஒன்றுதானே இருக்கிறது!"

"இரண்டாவதை வைத்தால் அளவு மாறிவிடுமே!"

ராஜாவுக்குக் கோபம் வந்தது. குப்பாண்டி அசரவில்லை. சடைச்சி சுட்ட நூறில் மற்றத் தொண்ணூற்றொன்பதையும் வரவழைத்தார். எல்லோர் முன்னும் நிறுத்து, எடைவாரியாக வாழையிலையில் அடுக்கினார். பத்துக் கழஞ்சு எடையில் முப்பத்தெட்டு. ஒன்பதிலும் பதினொன்றிலும் இருபத்துநான்கு இருபத்துநான்கு. எட்டிலும் பன்னிரண்டிலும் ஆறு ஆறு. ஏழில் ஒன்றே ஒன்று. பதின்மூன்றில் ஒன்று, அதுதான் தட்டில் வந்தது. நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் கோயில் மணி போல இருந்தது அடுக்கு.

"இவள் கை நடுவைவிட்டு விலகுவதே சுமார் ஒரு கழஞ்சுதான். நூற்றில் எண்பத்தாறு அதற்குள் அடங்கிவிட்டது. திருடியிருந்தால் அடுக்கு சிறிய பக்கமாகச் சாயும். இங்கே எத்தனை குறைந்ததோ அத்தனை கூடியும் இருக்கிறது. திருடுகிறவள் பெரியதாகவும் சுடுவாளா, மந்திரியாரே?"

குப்பாண்டி ராஜாவின் பக்கம் திரும்பினார்.

"மன்னா, சின்ன வயதில் அதிரசப் பானைக்குள் கைவிட்டுத் துழாவியதுண்டா?"

"உண்டு."

"எதைத் தேடி?"

"பெரியதைத்தான்! அக்காவுக்கும் எனக்கும் அதற்காகத் தினமும் சண்டை. அம்மா சிரித்துக்கொண்டே..." ராஜா நிறுத்திவிட்டார். கண் கலங்கிவிட்டது. அம்மா சுட்டதிலும் பெரிசு, சிறிசு இருந்திருக்கிறது! மறுகணம் சபை அதிரச் சிரித்தார்.

சடைச்சிக்கு அடுப்பு மிஞ்சியது. குப்பாண்டிக்குப் பொற்காப்பு கிடைத்தது. மருதப்பருக்கோ, நூறு அதிரசம் ஒரே அளவாகச் சுட்டுக் காட்டும்வரை மடைப்பள்ளி வாசம்!

குப்பாண்டி மெல்லப் பெரிய அதிரசத்தின் பக்கம் கையை நீட்டினார். ராஜா சட்டென்று அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"தொடாதேயும்! குதிரைக்காரனைக் கூப்பிடுங்கள். இது அக்காவுக்குப் போக வேண்டும்."