திரையில் இல்லாத சுண்டெலி

ஒரு சுண்டெலியால் பெருமை பெற்ற ஊர் உலகத்தில் உண்டா என்று யாரேனும் கேட்டால், வெண்குன்ற நாட்டார் மார்பை நிமிர்த்திக்கொண்டு தங்கள் தலைநகரைக் காட்டுவார்கள். அந்தச் சுண்டெலியின் பெயர் மிளகன். உயிருள்ள எலி அன்று. ஆட்டுத்தோலில் வெட்டி, வண்ணம் தீட்டி, விளக்கொளியில் வெண்திரையின் பின்னே ஆட்டப்படும் பாவை. உள்ளங்கையளவுதான் இருப்பான். ஆவுடையாளின் கூத்துக் குழுவில் அரசன், அமைச்சன், அரக்கன் என்று பெரிய பாவைகள் பல இருந்தும், ஊர்வலத்தில் முதலிடம் மிளகனுக்கே. அவனை ஏந்துபவரே குழுவுக்குத் தலைவர்.

இளமை முதல் அவனை ஏந்தி வந்தவள் ஆவுடையாள். இப்போது அவளுடைய விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. பூனைக்கே அஞ்சாத மிளகன் திரையில் நடுங்கலாமா? அவனை அடுத்து யாரிடம் ஒப்படைப்பது என்பதே அவளுடைய ஓயாத கவலை. தகாத கையில் சேர்ந்தால் அவன் வெறுந்தோலாகிவிடுவான் அல்லவா?

அரண்மனை முற்றத்தில் கூத்து நடக்கவிருந்த மாலையில், பாவைப் பெட்டியைத் திறந்தவள் திகைத்துப் போனாள். மிளகன் பளபளக்க வேண்டும் என்பதற்காக மற்றப் பாவைகளைவிட அவனுக்கு எண்ணெய் மிகுதியாகப் பூசுவது வழக்கம். அந்த மணத்துக்கு வந்த மெய்யான எலிகள், பொய்யான எலியைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. எஞ்சியது வால் மட்டுமே.

"இனம் இனத்தோடு சேரும் என்பார்கள், இப்படியா சேரும்?" என்றான் மத்தளக்காரன் சடையன். ஒருவரும் சிரிக்கவில்லை.

வெளியே, "மிளகன் எங்கே? மிளகன் எங்கே?" என்று சபை ஆர்ப்பரித்தது. ஆவுடையாள் எஞ்சிய வாலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"விளக்கை ஏற்றுங்கள். அவன் இல்லாமலே அவன் கதையை ஆடுவோம். அவரவர் வேலையில் ஓர் இம்மியும் குறையக் கூடாது."

கையில் பாவை இல்லாதவளுக்குத் திரைக்குப் பின்னே என்ன வேலை? வாழ்நாளில் முதன்முறையாக அவள் சபையோடு சபையாக அமர்ந்தாள்.

திரையில் அரசரின் களஞ்சியம் தோன்றியது. நெல்மூட்டைகளுக்குக் காவலாக ஒரு கொழுத்த பூனை. "பூனையாரே, மீசைக்கு எண்ணெய் போட்டாயிற்றா?" என்று மிளகனின் கீச்சுக்குரலில் கேட்டான் பாடகன் பரஞ்சோதி. சபை சிரித்தது. சடையனின் நகங்கள் மத்தளத்தில் குடுகுடுவென்று ஓடின. பூனை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை மெல்லக் கழுத்தைத் திருப்பிற்று. சபையில் இருந்தவர்களின் தலைகளும் இடமிருந்து வலமாகத் திரும்பியதை ஆவுடையாள் கண்டாள். பூனை மூட்டையின்மேல் பாய்ந்து ஏமாந்தது. திடீரென்று அதன் முதுகு வில்லாய் வளைந்தது; தன்னையே கடிக்கப் போவதுபோல் அது சுழன்றது.

முன்வரிசையில் இருந்த யானைப்பாகர் கோடனார் துள்ளி எழுந்தார். "அதோ! பூனையின் முதுகிலேயே ஏறிவிட்டான்!" என்று கூவினார். போர்முரசு சுமக்கும் யானையை நடத்தி நடத்தி இரு செவிகளையும் அறவே இழந்தவர் அவர்; பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பாரார். அவர் காட்டிய இடத்தைப் பார்த்து முற்றமே அதிர்ந்தது. வால் மட்டும் தன் இடுப்பில் இருப்பதை அறிந்திருந்தும், ஆவுடையாளுக்கு மிளகனைக் கண்டாற்போல் மெய்சிலிர்த்தது.

மிளகன் பாவையே இல்லாமல் கூத்து நடந்தது என்று பின்னர் அறிந்த அரசர் வியந்து, மெல்லிய பொற்கோல் ஒன்றை ஆவுடையாளிடம் அளித்தார். "இன்று மிளகனை ஆட்டியவரிடம் இதைக் கொடுங்கள். புதிய மிளகனை இதில் பொருத்தி அவரே ஆட்டட்டும்."

திரையைச் சுருட்டுமுன்பே வழக்குத் தொடங்கிவிட்டது.

"அக்கா, எலி பேசியதா, இல்லையா? பேசியவன் நான். ஊமை எலிக்கு யார் கைதட்டுவார்?" என்றான் பரஞ்சோதி.

"பேச்சு கிளிக்குங்கூட வரும், தம்பி. ஓடினால்தான் எலி. அதன் கால்கள் என் விரல்கள்," என்றான் சடையன்.

பூனைப்பாவையின் பிய்ந்த காதைத் தைத்துக்கொண்டிருந்த மங்கை என்பவள் தலை நிமிராமலே சொன்னாள்: "இருவரும் வாயை மூடுங்கள். வெறுந்திரையோடு ஆடுவோம் என்று துணிந்தது அக்கா. அந்தத் துணிவுதான் மிளகன். கோல் அக்காவிடமே இருக்கட்டும்."

"உனக்கு வேண்டாமா?" என்று சீண்டினான் சடையன்.

"எனக்கு எதற்கு எலி? நான் பூனைக்காரி. அகப்படாத அந்தப் பயலைத் துரத்தித் துரத்தியே என் தோள்பட்டை இற்றுப்போகிறது!"

ஆவுடையாள் பொற்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நால்வரையும் எண்ணிப் பார்த்தாள், தன்னையும் சேர்த்து. குரல் கொடுத்தவன் ஒருவன். ஓட்டம் கொடுத்தவன் ஒருவன். துணிவு கொடுத்தவள் ஒருத்தி. கோலைக் கேளாமல் ஒதுங்கியவள் ஒருத்தி. அறிவுடையீர், அன்று மிளகனை உண்மையில் ஆட்டியவர் யார்? ஆவுடையாள் சபையில் அமர்ந்து கண்டவற்றுள் ஒன்றையும் விடாமல் நினைத்துப் பார்த்த பின்னரே விடை கூறுங்கள்.

விடை: கோடனாரின் செவிகளே இவ்வழக்குக்குச் சான்று. பரஞ்சோதியின் குரலும் சடையனின் தாளமும் அவரை எட்டவில்லை; ஆவுடையாளின் துணிவோ கண்ணுக்குப் புலப்படுவதன்று. அப்படியிருந்தும் அவர் மிளகனைக் கண்டார். அவன் ஏறி நின்ற இடத்தையும் கண்டார். அந்த இடத்தைக் காட்டியவை பூனையின் கழுத்தும் முதுகுமே. குரலும் தாளமும் எலி உண்டு என்றன. இங்கே இருக்கிறது என்று காட்டியது மங்கையின் கை. ஆகவே ஆவுடையாள் பொற்கோலை மங்கையிடம் கொடுத்தாள். ஊசியும் நூலும் நழுவ, மங்கை திகைத்தாள்: "அப்படியானால் என் பூனையை யார் ஆட்டுவது, அக்கா?" ஆவுடையாள் நடுங்கும் விரல்களை விரித்துக் காட்டி, தலை நிமிர்ந்து சொன்னாள்: "நான்தான். மிளகன் எதிரே வந்தால் பூனை நடுங்க வேண்டாமா?"