போனா, புருவமா?

"இன்னொரு தடவை போன் அடிச்சு நின்னுச்சுன்னா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்!" என்று பார்லரே அதிரக் கத்தினார் முதலாளி பத்மலோசனி மேடம்.

ஜெசிந்தா பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வந்திருந்த ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்த நூலின் ஒரு முனை அவள் பல்லில் இருந்தது. வாயைத் திறந்தால் நூல் தளர்ந்துவிடும். இது மேடத்துக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். ஆனால் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய், ஒரே ஆள் ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கணும் என்று கற்றுக்கொண்டு வந்துவிட்டார். வகுப்பில் அவர் பார்த்த ஒரே வேலை, உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் அதைப் பற்றியே மேடையில் பேசப் போகிறாராம். அந்தப் பெண் எழுந்ததும், "சீக்கிரம் என் புருவத்தை எடு" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

ஒரு புருவம் முடிந்தபோது போன் அடித்தது. ஜெசிந்தா நூலை விட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்தாள். கல்யாணப் பெண் அலங்காரத்தில் என்னென்ன உண்டு என்று நிதானமாக விளக்கினாள். வைத்ததும் மறுபடி அடித்தது. அதையும் எடுத்தாள்.

"ஏய், என் மூஞ்சி பாதியில நிக்குது! போனை வைடி!"

"வேலை போயிடுமே மேடம். போனா, புருவமா? நீங்களே சொல்லுங்க."

"புருவம்! அது முடியற வரைக்கும் வேற எதையும் தொடாதே!"

காத்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "அப்போ எங்க கண்ணுக்கு மேல இருக்கறது என்ன மேடம், கோரைப்புல்லா? இவளை அனுப்பினா நாங்களும் கிளம்பறோம்" என்றாள் ஒருத்தி.

மேடம் கண்ணை மூடி மறுபடி சாய்ந்துகொண்டார். இரண்டாவது புருவமும் முடிந்ததும் எழுந்து, வாசலில் நின்று, "நான் போனப்புறம் போன் அடிச்சா எடுக்கணும், புரியுதா?" என்றார்.

ஜெசிந்தா தலையாட்டினாள். அடுத்தவள் வந்து சாய்ந்தாள். போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா எடுக்கவில்லை.