ஐந்தாம் வளைவு

அந்தப் பந்தயத்தில் ஓடும் இருபத்திரண்டு கார்களும் ஒன்றுதான். ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, ஒரே டயர். எஞ்சினுக்கு முத்திரை வைத்திருப்பார்கள். யாரும் திறக்க முடியாது. ஓட்டுகிறவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்ல. வாரம் முழுக்க மில்லும் ஆஸ்பத்திரியும் நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட் மாட்டிக்கொள்கிறவர்கள்.

குழந்தைவேலுக்கு ஐம்பத்துமூன்று வயது. நாமக்கல்லில் கோழித்தீவன ஆலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்காவுடன் இருந்தார். மார்கழியில் அக்கா இறந்துபோனார்.

போன வருடம் நான்காவதாக வந்தவர் இந்த வருடம் பன்னிரண்டாம் இடத்தில் இருந்தார். முதல் பத்துக்குள் வராதவருக்கு அடுத்த வருடம் கார் கிடையாது. அன்று மாலை கடைசிப் பந்தயம். இந்த ஞாயிறுகளும் போய்விட்டால், ஆலையையும் பூட்டிய வீட்டையும் தவிர அவருக்குப் போக இடமில்லை.

காலையில், கூடப் பந்தயம் ஓட்டும் பல் டாக்டர் பிரதாப் தன் காருக்குள் ஏறும்போது கேட்டார்: "என்னங்க, உங்க வண்டியில தீவன மூட்டை ஏத்தியிருக்கீங்களா?"

குழந்தைவேல் சிரித்தார். பிறகு தன் கையுறையைக் கழற்றிவிட்டு ஷெரினைத் தேடிப் போனார்.

ஷெரின்தான் அவருக்குப் பந்தயம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவரைவிட இருபது வயது இளையவர். முதல் நாள் குழந்தைவேல் விளையாட்டாக அவரை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

"மாஸ்டர், வண்டி ஒண்ணு, டயர் ஒண்ணு, பெட்ரோலும் ஒண்ணு. நான் மட்டும் ஏன் பின்னாடி போறேன்?"

ஷெரின் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையில் வேகத்தைக் காட்டும் இரண்டு கோடுகள். சிவப்பு, அவர் போன வருடம் ஓட்டிய சுற்று. நீலம், நேற்று ஓட்டியது. ஒன்றின் மேல் ஒன்றாகவே போயின. ஓரிடத்தில் மட்டும் நீலம் பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"அஞ்சாவது வளைவு. போன வருஷம் அங்க ஆக்சிலரேட்டர்ல இருந்து நீங்க காலையே எடுக்கலை சார். இப்ப ஒவ்வொரு சுத்துலயும் எடுக்கறீங்க."

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அங்க நேரா காலரி இருக்கு. அக்கா அங்கதான் உக்காருவாங்க. கண்ணு அந்தப் பக்கம் போயிடுது."

"ம்."

"இனிமே பாக்கக் கூடாது. அதானுங்க மாஸ்டர்?"

ஷெரின் லேப்டாப்பை மூடினார். "வாங்க சார்."

காலரியில் யாரும் இல்லை. குழந்தைவேல் அக்கா உட்காரும் மூன்றாவது படியைக் காட்டினார்.

"உக்காருங்க சார்."

சிமெண்ட் சுட்டது. கீழே மற்றவர்களின் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலுக்குள்ளிருந்து வந்து வளைவில் திரும்பிப் போயின. அவர் கையை நெற்றியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்கிருந்து நம்பரே தெரியலையே, மாஸ்டர்."

"தெரியாது."

"டாக்டர் வண்டி எதுன்னுகூடத் தெரியலை. ஆனா அக்கா எனக்கு மட்டும்தான் குடையை ஆட்டுவாங்க. ஒரு தடவைகூட ஆள் மாறினதில்லை. உங்கக்கா எங்களுக்கெல்லாம் ஆட்ட மாட்டாங்களான்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருப்பார்."

"நானும் ஒரு நாள் கேட்டேன், எப்படிம்மா கண்டுபிடிக்கறீங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

"கண்ணை மூடிக்குங்க சார்."

மூடிக்கொண்டார். தூரத்தில் ஒரு கார் உறுமிக்கொண்டு வந்தது. வளைவுக்குச் சற்று முன்னால் சத்தம் தாழ்ந்து, பிறகு ஏறியது. அடுத்த கார். அதுவும் அங்கேயே தாழ்ந்தது. அதற்கடுத்ததும்.

ஷெரின் சொன்னார்: "'இந்த இடத்துல எல்லாரும் சத்தத்தைக் குறைப்பாங்க கண்ணு. குறைக்காம வர்றது எந்தம்பி'ன்னாங்க."