மேற்கெல்லை

மாறகேது ராஜாவுக்கு ஆயிரங்கால் மண்டபம் கட்ட ஆசை வந்தது. ஆயிரம் தூணுக்கு ஆயிரம் தேக்கு வேண்டும். தேக்கு கருந்தேன் மலையில் இருந்தது. மலையில் ஆட்களும் இருந்தார்கள்.

"பட்டயம் இருந்தால் காட்டட்டும். இல்லையென்றால் பௌர்ணமிக்குள் காலி செய்யட்டும்" என்று ஓலை அனுப்பினார் மந்திரி அனந்தராயர்.

மலைக்குடியின் தலைவி தும்பி இரண்டு நாள் நடந்து சபைக்கு வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"மலை உன்னுடையது என்பதற்கு அத்தாட்சி எங்கே?" என்றார் மந்திரி.

"மலை எங்களுது இல்லைங்க. நாங்கதான் மலையோட ஆளுங்க. தேன் எடுத்தாலும் கிழங்கு தோண்டினாலும் அதைக் கேட்டுட்டுத்தான்."

"கேட்டீர்களா மகாராஜா! அவளே ஒப்புக்கொண்டாள்!"

தும்பி உண்மையைத்தான் சொன்னாள். அதுவே வினையாகிவிட்டது.

"அப்படியானால் வெட்டலாம்" என்றார் ராஜா.

பட்டயம் எழுதும் விடங்கன் எழுந்தான். "உத்தரவைச் செப்பேட்டில் பொறிக்க வேண்டும். வாசகத்துக்கு மாதிரியாக, இந்த நாட்டைத் தங்கள் பாட்டனார் பெற்றபோது எழுதிய பட்டயத்தை மந்திரி வாசிக்கட்டும்."

மந்திரி வாசித்தார். "கிழக்கெல்லை, கடலுக்கு மேற்கு. வடக்கெல்லை, ஆற்றுக்குத் தெற்கு. தெற்கெல்லை, உப்பளத்துக்கு வடக்கு. மேற்கெல்லை, கருந்தேன் மலைக்குச் சொந்தமான காட்டுக்குக் கிழக்கு..."

மந்திரி நிறுத்தினார். "மலைக்கு ஏது சொந்தம்? மலை என்ன ஆளா? இந்த வரி பிழை."

"அடித்துவிடலாமா?" என்றான் விடங்கன்.

"அடி!"

விடங்கன் உளியை எடுத்தான். "அடித்துவிடுகிறேன். நாலு எல்லையில் ஒன்று குறைந்தாலும் பட்டயம் செல்லாது என்பது நம் சட்டம். பட்டயம் இல்லாதவர்கள் பௌர்ணமிக்குள் காலி செய்ய வேண்டும் என்பது மந்திரியின் ஓலை. அரண்மனையில் சாமான் அதிகம். இன்றே மூட்டை கட்டினால்தான் முடியும்."



"நாங்கள் எங்கேயடா போவது?" என்றார் ராஜா.

"தெரியவில்லை மகாராஜா. தும்பிக்கும் அதே கவலைதான்."

"மலைக்கு வாங்க சாமி" என்றாள் தும்பி. "கோடாலியை மட்டும் கீழேயே வச்சிட்டு வாங்க."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மந்திரியின் ஓலை அங்கேயே செல்லாமல் போனது. மண்டபத்தைக் கல்லில் கட்ட உத்தரவாயிற்று.

"விடங்கா, உனக்கு அந்த மலையிலேயே பத்துக் காணி தந்தேன்!"

விடங்கன் தும்பியைப் பார்த்தான்.

"மலையைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் தும்பி.